ரெண்டு தட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையது. எங்கள் குழுவில் வேறு யாராவது இந்தக் கதையைச் சொன்னால் என்னைக் கொஞ்சம் காப்பாற்றித்தான் சொல்வார்கள். எனக்கு அது வேண்டாம்.

என் பெயர் குரு. கிள்ளானில் கார் ஏர்கோன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கடையை மூடியதும் வீட்டுக்குப் போய்ப் பிளாஸ்டிக் கல் அடுக்குவேன். ஆமாம், ஒன்றின் மேல் ஒன்றை அமுக்கிப் பொருத்திப் பிள்ளைகள் வீடு கட்டி விளையாடுகிற அதே கல்தான். "கழுதை வயசாகுது, இன்னும் என்ன பொம்மை?" என்று என் மனைவி உஷாராணி கேட்காத வாரம் கிடையாது. என்னைப் போல் கழுதை வயசானவர்கள் இருபது பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். வக்கீல் உண்டு, லோரி ஓட்டுகிறவர் உண்டு, பல் டாக்டர்கூட ஒருவர் உண்டு. கல் என்று வந்துவிட்டால் எல்லாரும் ஒரே மாதிரிப் பைத்தியம்.

ஆண்டுக்கு ஒரு தடவை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தை எடுத்துக் கண்காட்சி நடத்துவோம். இந்த வருஷத் திட்டம் கொஞ்சம் பெரிது. போர்ட் கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் வரை, கொமூட்டர் என்கிற புறநகர் ரயில் பாதை. ஆளுக்கு ஒரு ஸ்டேஷனை வீட்டிலேயே கட்டி எடுத்து வரவேண்டும். மண்டபத்தில் மேசைகளை ஒட்டிப் போட்டு வரிசையாக இணைத்தால், மோட்டார் வைத்த ரயில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடும். அதற்கு எல்லாருடைய தண்டவாளமும் ஒரே உயரத்தில் இருக்கவேண்டும். அந்த உயரத்தை எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கிற பொறுப்பு என் தலையில்.

மகதலேனா ஆன்டி கடைசியாக வந்து சேர்ந்தவர். பண்டமாரான்காரர். ஐம்பத்தாறு வயது. போர்ட்டில் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, பார்த்தவர். மூன்று வருஷத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. கால் ஓரளவு தேறியது, கை தேறவில்லை. பயிற்சி கொடுத்த பெண் விரலால் அமுக்கிப் பழகச் சொல்லிக் களிமண் கொடுத்தாராம். ஆன்டிக்கு அது பிடிக்கவில்லை.

"அமுக்கினா ஏதாவது ஆகணும்லா, குரு. களிமண்ணை அமுக்கினா களிமண்ணாவேதான் இருக்கு" என்று என்னிடம் சொன்னார்.

பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் ஒரு கோணிப்பை பழைய கல் வாங்கினார். முதல் மாதம் ஒரு கல்லின் மேல் இன்னொரு கல்லை உட்கார வைக்கப் பத்து நிமிஷம் ஆனதாம். இடது கையால் செய்திருந்தால் நொடியில் முடிந்திருக்கும். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்காருவாராம். அவ்வளவு பிடிவாதம் பிடித்த மனுஷி.

ஸ்டேஷன்களைப் பங்கு போட்டபோது எல்லாரும் பெரியதற்கே அடித்துக்கொண்டோம். ஆன்டி மட்டும் தெலுக் காடோங் வேண்டும் என்றார். பண்டமாரான் பக்கத்துச் சின்ன ஸ்டேஷன்.

"எடுத்துக்குங்க ஆன்டி. ஆனா ரயிலு அங்க நிக்காது. கிள்ளான்லயும் சென்ட்ரல்லயும் மட்டும்தான் நிறுத்தப் போறோம். இல்லாட்டி ஜனங்களுக்கு போர் அடிக்கும்" என்றேன்.

"யாரு சொன்னது நிக்காதுன்னு?"

சொன்னவன் நான்தான். அப்புறம் அவரே காரணத்தைச் சொன்னார். நோய் வந்த பிறகு முதல் முறையாகத் தனியாகக் கிளம்பிய நாளில் அந்த மேடையில்தான் நின்றாராம். ரயில் வந்தது, கதவு திறந்தது, காலைத் தூக்கி வைக்கப் பயம். முதல் ரயில் போனது. இரண்டாவதும் மூன்றாவதும் போயின. நாலாவது ரயிலில் ஏறினார்.

"ஏறிட்டேன் பாரு. அந்த இடத்துல ரயிலு நிக்கணும், கதவு மேடைக்கு நேரா திறக்கணும். அதுக்குத்தான் கட்டறேன்."

"சரி ஆன்டி, பார்க்கலாம்" என்றேன். என் அகராதியில் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம்.

மற்றவர்களுக்கெல்லாம் உயரத்தைப் படம் வரைந்து அனுப்பியிருந்தேன். ஆன்டி அதைக் கேட்ட நேரம் நான் ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். படத்தைத் தேடி அனுப்பச் சோம்பல். போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்: "ஆன்டி, கீழ ஒரு கல்லு வைங்க, மேல ரெண்டு தட்டு போடுங்க, அதுக்கு மேல தண்டவாளம். அவ்வளவுதான்." நன்றி என்று பதில் வந்தது. நானும் மறந்துவிட்டேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மதியம், எல்லாரும் மண்டபத்தில் கூடி மேசைகளைப் போட்டோம். ஆன்டியின் ஸ்டேஷனைப் பார்த்துச் சும்மா சொல்லக்கூடாது, அசந்துபோனேன். ஒரு மீட்டர் நீளம். மேடையில் நாற்காலிகள், தூண்கள், பாதையைக் கடக்க ஒரு நடைபாலம். ரயிலை விட்டோம். போர்ட் கிள்ளானிலிருந்து ஜம்மென்று வந்தது. தெலுக் காடோங் எல்லையைத் தொட்டதும் முன்சக்கரம் டக்கென்று கீழே விழுந்து, ரயில் பக்கவாட்டில் சாய்ந்தது.

எங்கள் குழுவின் வக்கீல் பெர்னிஸ் குனிந்து பார்த்தாள். "அண்ணே, இவங்க தண்டவாளம் பதிஞ்சு இருக்கு. ரெண்டு தட்டு குறையுது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஆன்டி, ரெண்டு தட்டு போடச் சொன்னேன்ல?"

"போட்டேனே!"

"எங்க போட்டீங்க? காட்டுங்க பார்ப்போம்."

ஆன்டி ஒரு கல்லை எடுத்து மேசையில் இன்னொரு கல்லின் மேல் வைத்து அமுக்கினார். பிறகு வலது கையை மடக்கி, விரல் முட்டியால் அதன் தலையில் டக், டக் என்று இரண்டு தட்டு தட்டினார்.

மண்டபமே சிரித்தது. எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தவன் நான். எங்கள் பேச்சில் தட்டு என்றால் மெல்லிய துண்டு. மூன்று தட்டு சேர்ந்தால் ஒரு கல்லின் உயரம். தனியாக வீட்டில் உட்கார்ந்து பழகிய ஆன்டிக்கு அந்தப் பெயர் எப்படித் தெரியும்? அவர் அதை மெல்லிசு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"கல்லு நல்லா உட்காரணும், அதுக்குச் சொல்றேன்னு நினைச்சேன்" என்றார் ஆன்டி. "எழுநூத்துச் சொச்சம் கல்லு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு போட்டேன்."

அந்த முட்டியைப் பார்த்தேன். தோல் காய்த்துக் கறுத்திருந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது. செருப்பால் அடித்த மாதிரி இருந்தது எனக்கு.

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். கேட்டேனா? வாய் சாமர்த்தியம் காட்டினேன். "பரவால்ல ஆன்டி. உங்க ஸ்டேஷனை வாசல்ல தனி மேசையில அழகா வச்சிடுவோம். வர்றவங்க முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க. ரயிலை நான் அப்படியே அடுத்த ஸ்டேஷனுக்கு விட்டுடறேன்."

"வாசல்ல வைக்கிறதுக்கு நான் என்ன பூச்சட்டியா கொண்டாந்தேன்?"

ஸ்டேஷனுக்கு அடியில் அட்டை வைத்துத் தூக்கிப் பார்த்தோம். அட்டை அமுங்கி ரயில் மறுபடியும் விழுந்தது. பெர்னிஸ் வேறு யோசனை சொன்னாள். "தண்டவாளத்தை மட்டும் கழட்டி ரெண்டு தட்டு வச்சிடலாம் ஆன்டி. அரை மணி நேர வேலை. ரயிலு ஓடிடும்."

"மேடை?"

"மேடை கீழேயே இருக்கட்டும். யாரு கவனிக்கப் போறாங்க?"

ஆன்டி மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ரயில் பெட்டியைக் கையால் தூக்கி அந்த உயரத்தில் பிடித்துப் பார்த்தார். "கதவு மேல நிக்குது, மேடை கீழ கிடக்குது. என்னை மாதிரி கால் இழுக்கிறவ எப்படிம்மா ஏறுவா?"

பெர்னிஸும் குனிந்து பார்த்தாள்.

"எல்லாத்தையும் தூக்கறேன்" என்றார் ஆன்டி. "மேடை, பாலம், தண்டவாளம், எல்லாம். மணி என்ன?"

மணி மூன்று. மண்டபத்துக் காவலர் சபாபதி அண்ணன் ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார். முந்நூறு தட்டாவது வேண்டும். எல்லாரும் தங்கள் டப்பாக்களைக் கவிழ்த்தார்கள். அடியில் மறைந்துபோகும் தட்டுதானே, எந்த நிறமானால் என்ன. நான் இரண்டு வருஷமாகத் தொடாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த வெள்ளைத் தட்டுகள் ஒரு டப்பா இருந்தன. வயிறு எரிய எரிய அதையும் கொட்டினேன்.

கொட்டிய கையோடு ஒன்றை எடுத்து ஸ்டேஷனின் அடித்தளத்தில் பொருத்தப் போனேன். புறங்கையில் பளாரென்று ஒரு அடி.

"கையை எடு. நீ எடுத்துக் குடு, அமுக்கறது நான்."

"நேரம் இல்ல ஆன்டி!"

"நீ வேகமா பண்ணுவ, எனக்கும் தெரியும். இது என் ஸ்டேஷன்."

மேடையைத் துண்டு துண்டாகக் கழற்றினார். நாங்கள் நிறம் பார்க்காமல் அளவு பார்த்துத் தட்டுகளை எடுத்துக் கொடுத்தோம். பெரிய பல் டாக்டர், பிரிக்ஃபீல்ட்ஸில் சொந்த கிளினிக் வைத்திருப்பவர், தரையில் முட்டி போட்டு உருண்டோடிய துண்டுகளைப் பொறுக்கினார். ஐந்து மணிக்கு ஆன்டியின் வலது கட்டைவிரல் அமுக்க மறுத்தது. பெர்னிஸ் சூடாக மைலோ வாங்கி வந்தாள். ஆன்டி அதைக் குடிக்கவில்லை. கப்பைச் சுற்றி விரல்களை வைத்துச் சூடு ஏற்றிக்கொண்டு, "ஏய் சண்டாளி, அமுக்குடி!" என்று தன் கட்டைவிரலையே திட்டினார். எங்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கட்டைவிரல் அமுக்கியது.

ஆறு மணிக்குப் பாதி மேடை மிச்சம் இருந்தது. சபாபதி அண்ணன் சாவியோடு வந்து நின்றார். நான் கெஞ்சினேன்.

"ரூல்ஸ் லா, தம்பி. என் வேலைக்கு வேட்டு வச்சிடாத."

"விடு குரு, அவரு என்ன பண்ணுவாரு" என்றார் ஆன்டி. "அண்ணே, காலையில எத்தன மணிக்குத் திறப்பீங்க?"

"எட்டு மணிக்கு."

"நான் ஏழே முக்காலுக்கு நிப்பேன்."

மறுநாள் மனசு உறுத்தியதில் நான் ஏழரைக்கே போய்விட்டேன். முதல் ஆளாக இருப்போம் என்று நினைப்பு. ஆன்டி படிக்கட்டில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விடியற்காலை ரயிலில் ஏறி வந்திருக்கிறார். தெலுக் காடோங்கிலிருந்துதான், வேறெங்கிருந்து.

எட்டு மணிக்கு ஆரம்பித்தார். பத்துக்குக் கதவு திறக்கவேண்டும். பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் கடைசித் தட்டு உட்கார்ந்தது. நடைபாலத்தை எடுத்து வைத்து, தண்டவாளத்தை இரண்டு பக்கமும் இணைத்தார். சோதித்துப் பார்க்க நேரம் இல்லை. வாசலில் ஜனங்கள் சேர்ந்துவிட்டார்கள்.

ரிமோட் என் கையில். ரயிலைக் கிளப்பினேன். போர்ட் கிள்ளானிலிருந்து வந்தது. தெலுக் காடோங் எல்லையை நெருங்கியது. ஆன்டி கண்ணை மூடவில்லை, நான்தான் மூடினேன். டக் என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. கண்ணைத் திறந்தபோது ரயில் அவர் மேடையோரம் வழுக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

பெர்னிஸ் கத்தினாள், பல் டாக்டர் கை தட்டினார். ஆன்டி ரயிலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

நிறுத்தும் பொத்தானை அமுக்கினேன். ரயில் அரைப் பெட்டி தள்ளிப்போய் நின்றது.

"பின்னால எடு" என்றார் ஆன்டி. எடுத்தேன். "இன்னும் கொஞ்சம். போதும்."

அவர் குனிந்து, மேடையிலிருந்து ரயில் கதவு வரைக்கும் வலது ஆள்காட்டி விரலை மெல்ல இழுத்துப் பார்த்தார். விரல் எங்கேயும் தடுக்கவில்லை.

"இப்ப ஏறலாம்" என்றார்.

"ஆன்டி, என்னை மன்னிச்சிடுங்க. அன்னைக்கே படத்தை அனுப்பியிருக்கணும். வேணும்னே செய்யல, சோம்பேறித்தனம்."

"தெரியும்." கண் கலங்கியிருந்தது அவருக்கு. குரலில் கலக்கம் இல்லை. "ரயிலை எடு குரு, சென்ட்ரல்ல ஆளுங்க நிக்கிறாங்க."

எடுத்தேன். ஒவ்வொரு முறையும் நின்று நின்று போனால் பார்க்கிறவர்களுக்குச் சலிக்கும் என்று இரண்டு பேர் என்னிடம் வந்து முணுமுணுத்தார்கள். சலிக்கட்டும் என்றேன். சாயந்திரம் வரை அந்த ரயில் முப்பத்தெட்டு தடவை ஓடியது. முப்பத்தெட்டு தடவையும் தெலுக் காடோங்கில் நின்றது.