தண்ணீர் ஒட்டாத கேன்

பால் சொசைட்டிக்கு அம்மா கொண்டுபோன பால் திரிந்ததற்குக் காரணம் நான்தான். எம்.எஸ்சி. வேதியியல் வகுப்பில் நீரை விலக்கும் பாலிமர் பரப்புகளைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. கேட்டதை அன்றே செய்து பார்த்துவிட வேண்டும் எனக்கு. தினமும் பாலோடு எவர்சில்வர் தூக்கைச் சுமந்து அம்மாவுக்குத் தோள்வலி வேறு. கள்ளக்குறிச்சியில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன் வாங்கி, ரிஷிவந்தியம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துக் காட்டினேன். முத்து முத்தாக உருண்டோடியது.

“பாத்தியா? தண்ணியே ஒட்டல, பாலு எப்பிடி ஒட்டும்? நாரு போட்டுத் தேய்க்காத, கீறல் வுழுந்துடும். சோப்பு, சுடுதண்ணி எதுவும் வாணாம். சும்மா அலசு, போதும்.”

மூன்றாம் நாளே அம்மா சொன்னாள்: “உள்ள கொழகொழன்னு இருக்குதேடி.”

“பிளாஸ்டிக்னா அப்பிடித்தாம்மா இருக்கும்.”

அடுத்த வாரம் பால் சொசைட்டியில் செயலாளர் அம்மா கொண்டுபோன பாலைச் சோதனைக் குழாயில் ஊற்றிச் சூடு காட்டினார். திரிதிரியாகப் பிரிந்தது.

“இன்னாம்மா, ராத்திரி மீந்த பாலையும் கலந்துக்கினு வந்துட்டியா?”

“சத்தியமா இல்லீங்க. இப்பத்தான் கறந்துக்கினு வர்றேன்.”

வரிசையில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா விடவில்லை. “பொண்ணு காலேஜுல கெமிஸ்ட்ரி படிக்குதில்ல, எத்த எதோட கலக்கறதுன்னு சொல்லிக் குடுத்திருக்கும்!”

எல்லோரும் சிரித்தார்களாம். அம்மா அதைச் சொல்லிவிட்டுக் கேனை என் முன் வைத்தாள். உள்ளே நகத்தால் சுரண்டினேன். புளித்த வாடையோடு வெள்ளையாக நகத்தில் ஒட்டி வந்தது. பாடத்தின் மீதியை அன்றைக்குத்தான் படித்தேன். நீர் ஒதுங்கிப் போகும் பரப்பைத்தான் புரதம் நாடி வரும். தனக்குள் மடித்து வைத்திருக்கும், நீருக்கு ஆகாத பகுதியை விரித்து அதில் அப்பிக்கொள்ளும். வெறும் தண்ணீர் அதை அசைக்காது. அதன்மேல் கிருமிகள் குடியேறும்.

மறுநாள் தூக்கோடு கிளம்பிய அம்மாவுடன் நானும் போனேன். கேன் என் யோசனை, சோப்புப் போடவிடாமல் தடுத்தது நான், புரதம் இப்படித்தான் ஒட்டும் என்று வரிசைக்கே கேட்கும்படி சொன்னேன். செயலாளர் பொறுமையாகக் கேட்டார்.

“அம்மாவ வுட்டுக்குடுக்காம பேசற. நல்ல பொண்ணும்மா” என்றார்.

அவ்வளவுதான். அன்று பால் திரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து, அவர் கேட்பதற்கு முன்பே அம்மா தானாகச் சோதனைக் குழாயில் பாலை ஊற்றி நீட்டுகிறாள். “வாணாம்மா” என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.