இல்லாத கொதிநிலை

எங்கள் மேனேஜருக்கு ரசாயனத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. திரையில் பச்சை விழுவதன் மேல்தான் நம்பிக்கை. அம்பத்தூர் எஸ்டேட்டில், ஆலைகளை வடிவமைத்துக் கொடுக்கும் அலுவலகம் எங்களுடையது. சிமுலேஷன் மென்பொருள் கணக்கை முடித்துப் பச்சை காட்டியதும் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். படித்த மனுஷன்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சென்னீர்குப்பத்தில் பசை தயாரிக்கும் ஒருவர் வந்தார். கழிவோடு வீணாகப் போகும் கரைப்பானைக் காய்ச்சி வடித்து மீட்க அவருக்கு ஒரு டவர் வேண்டும். கழிவில் இருந்த ஒரு பிசின் மென்பொருளின் பட்டியலில் இல்லை. இல்லாததை நாமே சேர்க்கலாம். மூலக்கூறின் அமைப்பு, அடர்த்தி, கொதிநிலை என்று அளந்த விவரங்களைக் கொடுத்தால் மீதியை அது ஊகித்துக்கொள்ளும். அளப்பதெல்லாம் எங்கள் அலுவலகத்தில் வழக்கமே இல்லை. பட்டியலில் ஏறக்குறைய அதே ஜாடையில் இருப்பதைப் பிரதி எடுத்து, பெயரை மட்டும் மாற்றிவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பட்டுவேட்டி கட்டி மணையில் உட்காரவைத்து, இவன்தான் மாப்பிள்ளை என்பதுபோல. மேனேஜரும் அதையே செய்தார். பச்சை விழுந்தது. டவரின் அடியில் நூற்றுத் தொண்ணூறு டிகிரி என்றது. கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் அந்தப் பிசினைக் கொஞ்சம் வாங்கி, தெரிந்த பரிசோதனைக்கூடத்தில் சூடேற்றிப் பார்த்தேன். அது கொதிக்கவே இல்லை. நூற்று நாற்பதைத் தாண்டியதும் புகைந்து, நுரைத்து, குடுவையின் மூடியைத் தூக்கி எறிந்தது. ஒரு கரண்டிப் பிசினுக்கே இந்த ஆட்டம். டவர் நிறைய இருந்தால், பக்கத்தில் நிற்பவன் கதி என்ன?

கறுத்துப்போன குடுவையை மேனேஜரின் மேசையில் வைத்தேன்.

“இன்னா மேடம் இது? சாஃப்ட்வேர்ல நல்லா ரன் ஆய்கீது. அதுல ஒண்ணும் புகை வரலியே?”

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையாகவே கேட்டார். அந்த முகத்தின் முன் கோபப்படுவதுகூட வீண்.

“அழுத்தத்தைக் குறைச்சு, நூறு டிகிரிக்குள்ள வடிக்கணும் சார். இல்லைன்னா வெடிக்கும்” என்றேன்.

“கஸ்டமர பயமுறுத்தாதீங்க. நாளைக்கு மீட்டிங்ல நீங்க வாயத் தொறக்காதீங்க.”

மறுநாள் ஆலைக்காரர் தன் தம்பியோடு வந்தார். டவரை ஓட்டப்போவது அந்தத் தம்பிதானாம். மேனேஜர் வண்ண வண்ணமாகப் படம் காட்டினார். அண்ணன் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“எங்க பிசினுக்கு பாயிலிங் பாயிண்ட் போட்டுகீறீங்களே சார், அது எங்கேர்ந்து வந்துச்சு?”

“சாஃப்ட்வேர் குட்த்தது.”

“சாஃப்ட்வேருக்கு யாரு குட்த்தாங்க?”

மேனேஜர் தண்ணீர் குடித்தார். இன்னொரு முறை குடித்தார். பிறகு, என் வாயைக் கட்டிய அதே வாயால், “மேடம் சொல்வாங்க” என்றார். வெட்கம் என்பது அந்த மனிதருக்குச் சேர்க்கப்படாமலே போன பொருள்.

பிரதி எடுத்தது, பெயர் மாற்றியது, குடுவையின் மூடி பறந்தது என எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி எழுந்து திரையருகே போய், டவரின் அடியில் விரல் வைத்தான்.

“நான் நிக்கப்போற எடம் இதானே மேடம்?”

“ஆமாம்பா.”

அண்ணன் மேனேஜரைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

“அந்த எடத்துல மொதல்ல நீங்க நில்லுங்க சார். ஒண்ணும் ஆவலன்னா என் தம்பிய அனுப்பறேன்.”