பச்சையை நம்பாதவர்

எங்கள் பெங்களூர் அலுவலகத்தில் மென்பொருளைச் சோதிக்கும் பெண்மணி ஒருவர் இருந்தார். ஆஸ்டின் டவுனிலிருந்து வருவார். கழுத்தில் ஒரு கண்ணாடி தொங்கும், தலைமேல் இன்னொன்று இருக்கும். அவர் தேடுவது மூன்றாவதை.

கடைகளுக்கு ரசீது அச்சிடும் மென்பொருள் எங்களுடையது. பொருளின் பெயரில் சதவீதக் குறி வந்தால், அதற்குப் பின்னால் உள்ளதையெல்லாம் அச்சு விழுங்கிவிடும். விழுங்காமலிருக்க, குறிக்கு முன்னால் ஒரு சாய்கோடு சேர்க்கும் நிரலை நான் எழுதியிருந்தேன். அதைத் தானாகச் சோதிக்கும் நிரல் அவருடையது.

வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய நாள். திரையில் எல்லாச் சோதனையும் பச்சை; பிழை இருந்தால் சிவப்பு வரும்.

"அனுப்பிடலாமா மேடம்?" என்றேன்.

"ஸ்வல்ப, கொஞ்சம் இருப்பா. பச்சையா இருந்தா போதுமா? தூங்குற வாட்ச்மேன்கூடத்தான் சத்தம் போடமாட்டான்" என்றவர், என் நிரலில் சாய்கோடு சேர்க்கும் வரியையே அழித்துவிட்டு மறுபடி ஓட்டினார். சிவப்பு வந்திருக்க வேண்டும். அப்போதும் பச்சை!

"பாத்தியா! சரியான விடை எதுன்னு உன் புரோகிராமையே கேட்டுட்டு, அதை வெச்சே அதுக்கு மார்க் போட்டிருக்கேன். என் டெஸ்ட்டுதான் தூங்குது!"

லாட்டரி விழுந்தவர்போலச் சிரித்தார். தன் தப்பைக் கண்டுபிடித்து இவ்வளவு மகிழ்ந்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

விடையைத் தன் கையாலேயே எழுதிவைத்து மறுபடி ஓட்டினார். சிவப்பு வந்தது. அழித்த வரியைத் திரும்பச் சேர்த்ததும் பச்சை. அனுப்பினோம்.

மாலை வீட்டுக்குக் கிளம்பி லிஃப்டில் ஏறியதும், மூடிக்கொண்டிருந்த கதவுக்கு நடுவே குடையை நீட்டினார். கதவு சமர்த்தாகத் திறந்துகொண்டது. அவர் முகத்தில் லேசான ஏமாற்றம்.