இதயத்தைப் படமெடுத்த காலை

மாரடைப்பு வந்து வீடு திரும்பிய பிறகு, இதயத்தில் எந்தப் பகுதி செத்துவிட்டது, எது இன்னும் உயிரோடிருக்கிறது என்று பார்க்க ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். மாசாயில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மனைவிதான் காரை ஓட்டினாள். தொழிற்சாலையில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற நான், பக்கத்தில் பொட்டலம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அதுவே கூச்சமாக இருந்தது.

கை நரம்பில் கொஞ்சம் கதிரியக்க மருந்தை ஏற்றினார்கள். ரத்தம் போகிற இடமெல்லாம் அதுவும் போகும், கேமரா அதைப் படம்பிடிக்கும் என்றாள் படமெடுக்கும் பெண். தமிழ்ப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும்.

கைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்கச் சொன்னாள். "குளிருதா அங்கிள்?" என்று கேட்டு, என் பாதங்களைப் போர்வையால் மூடினாள். "அசையாதீங்க. அசைஞ்சா படம் கலங்கிடும்லா."

கேமரா நெஞ்சைச் சுற்றி மெல்ல நகர ஆரம்பித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்க அடக்க நெஞ்சு இன்னும் குலுங்கியது. கைகள் மேலே இருந்ததால் முகத்தை மூடிக்கொள்ளவும் வழியில்லை. கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

அவள் ஓடி வந்தாள். "வலிக்குதா அங்கிள்?"

"இல்லம்மா."

என் அப்பாவின் சாவில் அழாதவன் நான். அங்கே அழுத என் மகனை, "பொம்பளையாடா நீ?" என்று எல்லார் முன்னிலும் கேட்டவன். அந்தப் பெண் டிஷ்யூவால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"நெறைய பேர் அழுவாங்க அங்கிள். மறுபடி எடுப்போம்."

வெளியே வந்தபோது, என்னால் தாமதமானவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. காரில் ஏறியதும், அழுததை மனைவியிடம் சொன்னேன். அவள் வண்டியை எடுத்தாள்.

அடுத்த வாரம் டாக்டர் முடிவைச் சொன்னார். இதயத்தின் கீழ்ப்பக்கம் ஒரு துண்டு செத்துத் தழும்பாகிவிட்டது. முன்பகுதி ரத்தம் பத்தாமல் தவிக்கிறது, ஆனால் உயிரோடுதான் இருக்கிறது, அடைப்பை எடுத்தால் தேறும் என்றார்.

சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து மகள் கூப்பிட்டாள்; மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு, "ஸ்கேன் அன்னைக்கு ஏம்மா அவ்வளவு நேரம்?" என்றாள்.

"கூட்டம்லா," என்றாள் மனைவி, என்னைப் பார்க்காமல்.

எனக்காக அவள் பொய் சொன்னது அழுததைவிட அவமானமாக இருந்தது. போனை வாங்கினேன். "கூட்டம் இல்லம்மா. நான் அழுதுட்டேன். அதனால ரெண்டு தடவ எடுத்தாங்க."

 "தம்பிகிட்ட சொன்னீங்களாப்பா?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றேன். இன்னும் சொல்லவில்லை.