கண்ணாடியில் ஒரு கீறல்

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற கூரியர் கடை என்னுடையது. பன்னிரண்டு வருஷமாக நடத்துகிறேன். யார் வீட்டுக்கு என்ன வருகிறது என்று பிரிக்காமலே எனக்குத் தெரியும். சேலைக்கு ஒரு கனம், செருப்புக்கு ஒரு கனம். தெரிந்ததை வெளியே சொல்லும் பழக்கம் மட்டும் என்னிடம் கிடையாது. திலகவதிக்கு வந்த பெட்டிதான் முதலில் பிடிபடவில்லை. உள்ளங்கையளவு பெட்டி, நடுவில் கல் மாதிரி ஏதோ ஒன்று, சுற்றிலும் ஒரு தலையணைக்குக் காணும் பஞ்சு.

"என்ன ஆத்தா, நகையா?" என்று கேட்டேன்.

"ஐபீஸ்க்கா. டெலஸ்கோப்புல கண்ணு வைக்கிற எடத்துல சொருகுறது."

அங்கேயே பிரித்துக் காட்டினாள். கட்டைவிரல் தடிமனில் ஒரு கறுப்புக் குப்பி, இரண்டு பக்கமும் கண்ணாடி. குழாய் ஒன்றுதானாம், இதை மாற்றி மாற்றிச் செருகினால் ஒன்றில் நிலா முழுசாகத் தெரியும், இன்னொன்றில் நிலாவின் ஒரு பள்ளம் மட்டும் பெரிதாகத் தெரியும். புதுசு வாங்கக் கட்டுப்படியாகாது, அதனால் போனில் ஒரு குழுவில் சேர்ந்து பழசு வாங்குகிறாள். வாங்கியதைத் தன் வீட்டு விலாசத்துக்கு வரவழைக்காமல் ஏன் என் கடைக்கு வரவழைக்கிறாள் என்பதுதான் கதை.

திலகவதிக்கு நாற்பத்து மூன்று வயது. ஆவுடையார்கோயில் ரோட்டில் மாடி வைத்த பெரிய வீடு, அதில் அவள் ஒருத்தி. புருஷன் அருண்குமார் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக், போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு லீவிலும் "இன்னும் ரெண்டு வருஷந்தான், வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுவார். பையன் வசந்த் கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறான். நாலு வருஷம் முன்பு அவன் ஹாஸ்டலுக்குப் போனதும் அருண்குமார் வீட்டுக்கு நாலு கேமரா மாட்டிவிட்டுப் போனார். கேட்டில் ஒன்று, ஹாலில் ஒன்று, கொல்லையில் ஒன்று, மொட்டைமாடியில் ஒன்று. நாலுக்கும் காது உண்டு, வாயும் உண்டு.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குடி கிடையாது, மாசம் பிறந்தால் பணம் வந்துவிடும். ஆனால் அந்த மனுஷன் பெண்டாட்டியோடு குடும்பம் நடத்தியதைவிட அவளைப் போனில் பார்த்துக்கொண்டிருந்த நேரம்தான் அதிகம். முதல் ஐபீஸ் வீட்டுக்கே வந்தது. கொண்டுபோய்க் கொடுத்த எங்கள் ஆள் திருப்பதி, கேட்டில் நின்று கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கும்போதே சுவரிலிருந்து, "திலகா, யாரு அது? எவ்வளவு நேரமா நிக்கிறான்?" என்று ஒரு ஆம்பிளைக் குரல். திருப்பதி பேனாவைக் கீழே போட்டுவிட்டான். அன்றோடு அவள் பார்சல்கள் என் கடைக்கு வர ஆரம்பித்தன. காய்கறி வாங்கப் போகிறேன் என்று வருவாள், வாங்கிப் பிரித்துப் பார்ப்பாள், பையில் கத்தரிக்காய்க்கு அடியில் வைத்துக்கொண்டு போவாள். தன் வீட்டுக்குத் தானே திருட்டுத்தனமாகப் பொருள் கொண்டுபோகிற பொம்பளையை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அவள்மேல் இரக்கமும் வந்தது, எரிச்சலும் வந்தது.

டெலஸ்கோப்பை வாங்கி வந்தவரே அருண்குமார்தான், பையன் பத்தாவது பாஸ் பண்ணியதற்காக. பையன் இரண்டு நாள் நிலா பார்த்தான், மூன்றாம் நாள் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான். அதைத் துடைத்து வெளியே எடுத்தவள் திலகவதி. காரணம் இருக்கிறது. அவள் புதுக்கோட்டையில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். கடைசி வருஷம் திருக்கோகர்ணத்தில் ஒரு சாயங்காலம் டெலஸ்கோப் வைத்துச் சனிக்கிரகம் காட்டினார்களாம். வரிசையில் நின்றாள். முன்னால் ஐந்து பேர்தான் பாக்கி. குனிந்து பார்த்த ஒருத்தி, "ஐயோ, நெசமாவே வளையம் போட்டுருக்குடி" என்றாளாம். அந்த நேரம் பார்த்து அவள் அப்பா வந்து பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஆவணியில் கல்யாணம்.

"அந்த வளையத்த ஒரு தடவ என் கண்ணால பாத்துட்டா போதும்க்கா" என்பாள்.

"போயும் போயும் சனியவா பாக்கணும்? ஏழரைக்குப் பயந்து ஊரே எள்ளு வெளக்குப் போடுது. நீ என்னடான்னா காசு குடுத்து கிட்டத்துல கூப்புடுற" என்று நான் கேலி பண்ணுவேன்.

கிட்டத்தில் கூப்பிடுவதும் லேசாக இல்லை. மொட்டைமாடிக் கேமராவுக்குத் தெரியாத இடம் ஒன்றே ஒன்றுதான், தண்ணீர் டேங்குக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிற இடம். ஒரு பக்கம் டேங்க், மறுபக்கம் அடுத்த வீட்டுத் தென்னை, நடுவில் மேற்கே ஒரு முழ வானம். அதற்குள் என்ன வருகிறதோ அதைத்தான் பார்க்கலாம். நிலா வந்தால் நிலா, வெள்ளி வந்தால் வெள்ளி. முன்பு ஒருநாள் நடுமாடியில் குழாயை நிறுத்தி வைத்துப் பார்த்தபோது, அடுத்த வீட்டைப் பார்க்கிறாள் என்று யாரோ சொல்லி, அது ஷார்ஜாவுக்குப் போய், ஒரு வாரம் சண்டை. "பொங்கலுக்கு வாரேன். வந்ததும் அந்தக் கொழாய அக்கா மகனுக்குத் தூக்கிக் குடுத்துர்றேன்" என்று அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

சாயங்கால வேளையில் சனி அந்த முழ வானத்துக்குள் இறங்குவதற்கு மாசி ஆகிவிடும்; அதற்கு முன்னால் அகாலத்தில் மாடியேறினால் ஹால் கேமரா கேள்வி கேட்கும். குழாய் தையிலேயே போய்விடும். அப்போது புரட்டாசி, சனி சாயங்காலமே கிழக்கே ஏறி நின்றது, ஆனால் கிழக்கு முழுக்கக் கேமராவின் பார்வையில் இருந்தது. இந்தக் கணக்கைக் கடைசி ஆறு மாசமாக அவள் மனசில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

குழாயோடு வந்த கண்ணாடிகள் சனிக்குப் பத்தாது. அதனால்தான் பழசுக்கு அலைந்தாள். அதில் பட்டது கொஞ்சமில்லை. ஒன்று மலிவாக வந்தது, பார்த்தால் அவள் குழாய்க்கு இரண்டு மடங்கு தடிமன், செருகவே முடியவில்லை. இன்னொன்று சென்னையிலிருந்து வந்தது, உள்ளே பூஞ்சை பிடித்து வெள்ளையாக நூல் நூலாக ஓடியிருந்தது. மூன்றாவதில் நடுக்கண்ணாடியில் நீளமாக ஒரு கீறல். இந்த மூன்றுக்கும் பிறகு அவளுக்குச் சந்தேகம் நோயாகவே ஆகிவிட்டது. எது வந்தாலும் என் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று போன் டார்ச்சை அடித்துப் பத்து நிமிஷம் பார்ப்பாள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் காத்துக் கிடப்பார்கள்.

கடைசியில் திருச்சியில் சிவசாமி என்று ஒருவர் கிடைத்தார். காலேஜ் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணில் புரை விழுந்ததால் தன்னிடம் இருந்ததை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார். ஆறு எம்எம் ஐபீஸ் ஒன்று, சனிக்கு ஏற்றது. அனுப்புகிறேன், ஒரு வாரம் ஆகும் என்றார். அதற்குள் ஆயுத பூஜை வந்தது.

ஆயுத பூஜைக்கு எங்கள் பக்கம் எதுவும் தப்பாது. என் ஜெராக்ஸ் மிஷின், எடை மிஷின், திருப்பதியின் பைக், எல்லாவற்றுக்கும் விபூதி, சந்தனம், குங்குமம். திலகவதி மிக்ஸி, பிரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி நாலு கேமராவுக்கும் வைத்தாள். மூன்றுக்கு நெற்றியில். மாடிக் கேமராவுக்கு மட்டும் கொழகொழவென்று குழைத்த சந்தனத்தைக் கண்ணாடி மேலேயே அப்பிவிட்டாள். ஸ்டூல் ஆடி, கை தவறிவிட்டதாம்.

அருண்குமாரால் துடை என்று சொல்ல முடியவில்லை. அவர் போட்ட சட்டமே அவரைக் கட்டிப்போட்டது. ஒரு வருஷம் பூஜைப் பொட்டைத் துடைத்த மறுநாள் பைக்கிலிருந்து விழுந்தவர் அவர். அதிலிருந்து, பொட்டு தானாக உதிர்கிற வரைக்கும் யாரும் கை வைக்கக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. "சரி, தானா உதுரட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவள் சிரித்தாள். அத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை சிவசாமியின் பெட்டி வந்தது. அவசரத்தில் டார்ச்கூட அடிக்காமல் வாங்கிக்கொண்டு ஓடினாள். ஞாயிறு பௌர்ணமிக்கு முதல் நாள், சனி நிலாவுக்குப் பக்கத்திலேயே நின்றது, தேட வேண்டிய வேலையே இல்லை. அன்று நடுராத்திரிக்கு மேல் நல்ல மழை.

திங்கட்கிழமை காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே அவள் வாசலில் நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"ஏமாத்திட்டாருக்கா அந்த மனுஷன். திருப்பி அனுப்புங்க இத."

"என்ன ஆச்சு?"

"வளையமே இல்ல. வெறும் உருண்டை. அதுக்குக் குறுக்க ஒரு கீறல். இதுவும் கீறல் விழுந்ததுதான். மழையில பொட்டு பூரா கரைஞ்சு போச்சு, விடியக்காலையிலயே எங்க வீட்டுக்காரரு மாடிக் கேமராவுலேருந்து குட்மார்னிங் சொல்றாரு. இனிமே நான் எப்பப் பாக்கப் போறேன்?"

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. நானே சிவசாமிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, வயசானவர் என்றும் பார்க்காமல் நாலு வார்த்தை கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அந்த அம்மா பக்கத்துல இருக்காங்களா? ஏம்மா, அந்தக் கீறல் உருண்டைக்கு நட்டநடுவுல, ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருந்துச்சா?"

"ஆமா சார். தலைமுடி மாதிரி."

"அதுதாம்மா வளையம்."

திலகவதி என்னைப் பார்த்தாள்.

"வளையம் தட்டு மாதிரிம்மா. இந்த வருஷம் அதோட ஓரம் நமக்கு நேரா நிக்குது. தட்ட பக்கவாட்டுல பாத்தா கோடுதான தெரியும்? இனி கொஞ்சங் கொஞ்சமா சாயும். ரெண்டு வருஷம் பொறுத்தீங்கன்னா நல்லா வளையமாவே தெரியும்."

"ரெண்டு வருஷமா" என்றாள் அவள். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் முகம் செத்துப்போனது. அதை அவள் பதினெட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"கீறலா வளையமான்னு ஒங்களுக்குச் சந்தேகமா இருந்தா ஒண்ணு செய்யுங்க" என்றார் சிவசாமி. "பாத்துக்கிட்டே இருக்கும்போது ஐபீஸ மெதுவாத் திருகுங்க. கீறல்னா கண்ணாடியோட சேந்து சுத்தும். வளையம்னா வானத்துல இருக்கு, அது அசையாது. எனக்கு இப்பத் தெரிய மாட்டேங்குது. நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க."

போனை வைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தோம், என் கண்ணுக்குக் கீறல் எதுவும் படவில்லை. அவளுக்கு அது பத்தவில்லை. பெட்டியை மூடிப் பையில் வைத்தாள். பிறகு, "சாயங்காலம் கடைய அடைச்சுட்டு வீட்டுக்கு வாரீங்களாக்கா?" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஏழரைக்குப் போனேன். மழை பெய்து வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. மாடியில் கேமரா பளிச்சென்று கழுவி நின்றது, அதற்கு நேராக நட்டநடு மாடியில் குழாயை நிறுத்தியிருந்தாள். அவள் குனிந்து கண்ணை வைத்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"திலகா. என்ன பண்ற அங்க? கூட யாரு?"

அவள் நிமிரவில்லை. நான்தான், "கூரியர் கடை காத்தாயிங்க" என்றேன்.

"அவங்கள அனுப்பிட்டுக் கீழ எறங்கு. அப்புறம் பேசிக்கிறேன்."

திலகவதி வலது கையால் ஐபீஸைத் திருக ஆரம்பித்தாள். இடது கண்ணை இறுக மூடியிருந்தாள்.

"திலகா, சொல்றது காதுல விழுகலையா?"

"விழுகுதுங்க" என்றாள். கை நிற்கவில்லை. "நாலு வருஷமா நீங்க என்னையப் பாத்துக்கிட்டே இருக்கீங்க. அஞ்சு நிமிஷம் நான் ஒண்ணப் பாத்துக்கிறேன்."

அவள் முழுசாக ஒரு சுற்றுத் திருகி முடித்தாள்.

"அசையலக்கா" என்றாள்.

என்னையும் பார்க்கச் சொன்னாள். சின்னதாக மஞ்சள் உருண்டை ஒன்று, அதற்குக் குறுக்கே மயிரிழைக் கோடு. இதற்காகவா இத்தனை பாடு என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அங்கேயே சிவசாமிக்குப் போன் போட்டு, "அசையல சார்" என்று அவள் சொன்னாள். அவர், "சரிம்மா, ரொம்பச் சந்தோஷம்" என்றார்.

வியாழக்கிழமை அருண்குமாரின் சித்தப்பா வந்து மாடிப்படிக் கதவில் பூட்டுப் போட்டுச் சாவியைக் கொண்டுபோனார். குழாயையும் அப்போதே ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள், பொங்கல் வரைக்கும் காத்திருக்கவில்லை. மறுநாள் திலகவதி கடைக்கு வந்து, கத்தரிக்காய்க்கு அடியிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள்.

"இது மட்டும் ஒங்ககிட்ட இருக்கட்டும்க்கா. ரெண்டு வருஷம்."

விற்றால் நல்ல விலை போகும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆள் இல்லாத பார்சல்களை வைக்கிற மேல்தட்டில் அதை வைத்தேன். வைத்தால் மேலே எழுத வேண்டும், அது கடைப் பழக்கம். பெயர் திலகவதி என்று எழுதி, அதற்குக் கீழே, பெறுநர் நேரில் வந்து வாங்கிக்கொள்வார் என்று எழுதினேன்.