கூரை பொது, சூடு என் பங்கு

எங்கள் நாச்சியாபுரம் வீட்டில் கூரை பொது. அறைகளைப் பங்கு பிரித்தவர்கள் அதை மட்டும் பிரிக்காமல் விட்டுவிட்டார்கள். இறந்துபோன கணவர் வழியாக எனக்கு வந்தது மாடியறை. ஓடு சரிந்தபோது யாரோ தகரம் போட்டுவிட்டுப் போன அறை. அதில்தான் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறேன்.

போன சித்திரையில் என் நெற்றி வியர்வை ஒரு கல்யாணப் பட்டில் சொட்டிக் கறையாகிவிட்டது. கேள்விப்பட்டு கணவரின் அண்ணன் ஏறி வந்தார். வெளியூர்க்காரர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டி, தங்க இடம் கொடுப்பது அவர் தொழில். தையல் மெஷினைக் கீழே இறக்கி மூடி வைத்துவிட்டு, வெயில் தணிந்ததும் மேலே கொண்டுவந்து தைக்கலாமே என்றார். கீழே ஆத்தங்குடிக் கல் பதித்த தரை குளுகுளுவென்று இருக்கிறதாம். இருக்கும்தான். ஆனால் விருந்தாளிகள் படமெடுக்கும் இடத்தில் ரவிக்கைக்கு அளவெடுக்கக் கூடாதாம். கீழே போன மெஷின் மறுபடி மேலே வராது என்பது எனக்குத் தெரியாதா?

தகரத்தின் மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்துக்கொள்கிறேன் என்றேன். கூரை பொது, கை வைக்கக் கூடாது என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“கூரை பொதுன்னு சொல்றீக. அதுல இறங்குற சூடு மட்டும் எப்படி என் பங்குக்கு வந்துச்சு?”

அவர் படியிறங்கிப் போனார். தகரத்தின் மேலே தொடக் கூடாது என்றால் அடியில் தொடுவேன் என்று முடிவு செய்தேன்.

சூட்டைத் தடுக்க என்று காரைக்குடிக் கடைக்காரர் கண்ணாடிப் பஞ்சு, தெர்மாகோல், வெள்ளித்தாள் ஒட்டிய குமிழி விரிப்பு என்று மூன்றைக் காட்டினார். மூன்றுமே ஒன்றாம் நம்பராம். ஒவ்வொன்றிலும் ஒரு பாய் அளவு வெட்டி வாங்கினேன். தகரத்துக்கு அடியில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் கம்பியில் ஒரு மெழுகுவத்தியைப் படுக்கவாட்டில் கட்டினேன், எது சூட்டில் வளைகிறது என்று பார்க்க.

உச்சிவெயிலில் பஞ்சின் கீழ் இருந்த வத்தி வளையாமல் நேராக இருந்தது. ஆனால் பஞ்சின் தூசு பட்டுக் கை அரித்தது. அந்த அரிப்பை ரவிக்கையோடு சேர்த்து யாருக்கும் தைத்துக் கொடுக்க மாட்டேன். தெர்மாகோலும் பரவாயில்லை, இஸ்திரிப் பெட்டி இருக்கிற அறையில் தீப்பிடித்தால் என்ன செய்வது? நான் நம்பியிருந்தது வெள்ளித்தாளை. அதன் கீழ் இருந்த வத்திதான் தலை தொங்கிப்போனது. ஏறி வந்து பார்த்த அண்ணன், மெழுகுவத்திக்கே தாங்கவில்லையே என்று சிரித்தார். அவர் போனபிறகு அழுதேன்.

அழுது முடித்ததும் இஸ்திரிப் பெட்டி கண்ணில் பட்டது. பெட்டியைத் துணிமேல் அப்படியே வைத்துவிட்டு, சுடுகிறதே என்றால் எப்படி? விரிப்பைத் தகரத்தோடு ஒட்ட வைத்ததுதான் தப்பு. மறுநாள் அதே விரிப்பை நாலு விரல் கீழே இறக்கிக் கட்டினேன். புது வத்தி சாயங்காலம் வரை வளையவில்லை. அறை முழுக்க அதையே கட்டினேன், சூட்டுக்காற்று வெளியேற இரண்டு ஓரமும் திறந்துவிட்டு. ஏணியில் ஏறியதும் நான்தான்.

இந்தச் சித்திரையில் ஒருநாள் உச்சிவேளையில் கணவரின் அண்ணன் வியர்த்து விறுவிறுத்து ஏறி வந்தார். கையைத் தூக்கி விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

“இதை எந்தக் கடையிலம்மா வாங்குன? பின்கட்டுத் தகர ரூம்ல விருந்தாளிக தங்க மாட்டேங்குறாக.”

கடைக்கு வழி சொன்னேன்.

“தாராளமாப் போடுங்க. மேல மட்டும் கை வச்சிராதீக. கூரை பொது.”

மெஷினை நிறுத்தாமல்தான் சொன்னேன்.