ஃப்ரிட்ஜ் மேல் முப்பத்தேழு பேர்

மண்ணூரில் நான் குடியிருந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் வீட்டுக்கார அக்கா இருந்தார். மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை என்னுடையது. நெட் இணைப்பு அவருடைய ஹாலுக்குத்தான் வந்திருந்தது. என் அறைக்கு அது படியேறி வருவதற்குள் மூச்சு வாங்கிவிடும். அதனால் என் பழைய மடிக்கணினியை அக்காவின் ஃப்ரிட்ஜ் மேல் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். நெட் நன்றாக வரும் என்று மட்டும்தான் சொன்னேன். அக்கா ஒரு பூப்போட்ட துணியைக் கொடுத்தார்.

"இத்தப் போட்டு மூடு. தூசி படியும்."

மூடினால் சூடாகும் என்று சொல்லத் தைரியம் வராமல், துணியை நான்காக மடித்துக் கணினிக்கு அடியில் போட்டேன்.

அந்தக் கணினிக்குள் முப்பத்தேழு பேர் இருந்தார்கள். நான் ஒரகடத்தில் கியர் செய்யும் தொழிற்சாலையில் ரோபோக்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். அறிவியல் புனைகதை என்றால் எனக்குப் பைத்தியம். கம்பெனி பஸ்ஸில் போனில் படித்துக்கொண்டே போவேன். பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா கதை?" என்பார். ரோபோ கதை என்றால் சிரிப்பார். "நாள் பூரா அதுக்கு கிரீஸ் போட்டுகினு கீற. பஸ்லயும் அதானா?" எங்கள் லைனில் பதினாறு ரோபோக்கள் இருந்தன. அவற்றைப் பற்றிக் கனவு காண்கிற ஆள் அந்த ஷிஃப்டில் நான் ஒருவன்தான்.

பேச ஆள் வேண்டுமென்றுதான் இணையத்தில் தேடினேன். பெரிய தளங்களில் நான் எழுதியதை யாரும் பார்க்கவில்லை. நடுவில் ஒரு மெத்தை விளம்பரம் வந்து நின்றது. பிறகு வேறு வகைத் தளங்கள் இருப்பது தெரிந்தது. யாரோ ஒரு முதலாளி நடத்துவதில்லை. அவரவர் வீட்டுக் கணினியில் அவரவரே சின்னதாக ஒரு தளம் நடத்தலாம். அந்தத் தளங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும். இங்கே எழுதினால் அங்கே இருப்பவர் படிப்பார், பதில் போடுவார். நான்கு வார விடுமுறை நாட்களைத் தின்றுவிட்டு, ஃப்ரிட்ஜ் மேலிருந்த அந்தக் கணினியில் எனக்கும் ஒரு தளம் பிறந்தது. தமிழில் அறிவியல் கதை எழுதுகிறவர்கள், படிக்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்து முப்பத்தேழு பேர் ஆனார்கள். மலேசியாவிலிருந்து ஒரு பல் மருத்துவர், கோவையிலிருந்து ஒரு பம்ப் மெக்கானிக், கனடாவிலிருந்து பனியைப் பற்றி மட்டுமே எழுதும் ஒருவர்.

எல்லாம் நன்றாகப் போனது, தளம் அடிக்கடி செத்துப்போனதைத் தவிர. இரண்டு நாளுக்கு ஒருமுறை, காலை பத்து மணி வாக்கில் காணாமல் போகும். முக்கால் மணி நேரம் கழித்துத் தானாக உயிர்த்தெழும். அந்த நேரத்தில் நான் ஷிஃப்டில் இருப்பேன், போன் லாக்கரில் இருக்கும். வெளியே வந்து பார்த்தால் உறுப்பினர்கள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் குவிந்திருக்கும். சூரியப் புயல் என்றார் பல் மருத்துவர். அந்நிய நாட்டு ஊடுருவல் என்றார் பம்ப் மெக்கானிக். கனடாக்காரர் அந்த இடைவெளிகளை வரிசையாகக் குறித்துவைத்து, இதில் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது, யாரோ நம்மோடு பேச முயல்கிறார்கள் என்று நிறுவினார். அதைப் படித்தபோது எனக்கே லேசாகப் புல்லரித்தது.

ஒரு வாராந்திர விடுமுறையில், பத்து மணிக்கு நெட் பில்லைக் கேட்டு வாங்க அக்கா வீட்டுக்குள் போனேன். அக்கா மடிக்கணினியின் பிளக்கை அப்போதுதான் பிடுங்கி, அந்த இடத்தில் கிரைண்டரைச் சொருகினார். கணினியின் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. கிரைண்டர் சுற்ற ஆரம்பித்தது. முப்பத்தேழு பேரும் அணைந்தார்கள்.

"அக்கா! அதப் புடுங்காதீங்க!"

"ஏன்? மாவு அரைக்க வேணாவா?"

"உள்ள ஆளுங்க இருக்காங்கக்கா!"

அக்கா உளுந்துக் கையோடு திரும்பி என்னைப் பார்த்தார். அதன் பிறகு எல்லாவற்றையும் சொல்லாமல் தப்பிக்க வழியில்லை. அக்கா யாரென்று இங்கே சொல்லிவிட வேண்டும். வயது நாற்பத்தைந்துக்குள். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பெரிய தொழிற்சாலை வாசலில் பெண்கள் பகுதிக்குச் செக்யூரிட்டி. இரண்டாவது ஷிஃப்டுதான் அவருக்கு வாடிக்கை. ஒரு பையைத் தூக்கிப் பார்த்தே உள்ளே சாப்பாட்டு டப்பா இருக்கிறதா, போன் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல், அவருக்குத் தெரியாமல், முப்பத்தேழு பேர்.

"ஹெட் ஆபீஸ் எங்க கீது இதுக்கு?"

"ஹெட் ஆபீஸே கிடையாதுக்கா. ஈரோட்டுல ஒருத்தங்க வீட்டுல ஒரு தளம், இங்க ஒண்ணு. இப்படியே அங்கங்க இருக்கு. ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிடும்."

"சண்ட வந்தா?"

"பிடிக்கலன்னா அவங்க நம்மளோட தொடர்ப நிறுத்திருவாங்க."

"தெருவுல பண்றாமாரிதான். செரி, நம்ம கேட்ல யாரு நிக்கறாங்க?"

"நான்தான்க்கா."

அக்கா என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது.

அன்று மாலையே எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று வாங்கிவந்து மாட்டினேன். தளத்தில் உண்மையை அறிவித்தேன்: காரணம் இட்லி மாவு. பல் மருத்துவர் சிரித்தார். கனடாக்காரர் மட்டும் பல நாள் நம்பவில்லை.

அக்கா தன் போனில் ஒரு கணக்குத் திறந்து தரச் சொன்னார். ஒரு மாதம் எதுவும் எழுதாமல் எல்லாவற்றையும் படித்தார். வேலைக்குக் கிளம்பும்போது படிக்கட்டடியில் நின்று குரல் கொடுப்பார்.

"தம்பி, செவ்வாய் கெரகத்துல மூணு வருசம் கீறானுங்களே, உன் கதைல. ஒருத்தனாவது பாத்திரம் கழுவுனானா?"

இன்னொரு நாள்: "அந்த ராக்கெட்டுல பொம்பளையே இல்லியே. லைன்ல எல்லாம் பொண்ணுங்கதானே நிக்குதுங்க, அத்த யாரு செஞ்சது?"

எனக்குக் கோபம் வரும். ஆனால் அவர் போன பிறகு உட்கார்ந்து கதையைத் திருத்துவேன். எழுதியதை வரிவரியாகப் படித்துவிட்டு நேரில் வந்து திட்டுகிற ஆள் அதற்கு முன் எனக்குக் கிடைத்ததில்லை.

பிறகு அந்தச் சண்டை வந்தது. நம் பம்ப் மெக்கானிக், ஈரோட்டுத் தளத்தில் ஒரு கல்லூரி மாணவி எழுதிய கதையில் விண்கலம் திரும்பிய விதம் தவறு என்று ஆரம்பித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சமையல் குறிப்பு எழுதப் போங்கள்" என்றும் சேர்த்துவிட்டார். ஈரோட்டுத் தளத்தை நடத்துகிற பள்ளி ஆசிரியை, இன்று மாலைக்குள் ஒரு முடிவு தெரியாவிட்டால் உங்கள் தளத்தோடு தொடர்பைத் துண்டிப்போம் என்று எல்லோரும் பார்க்கத் தளத்திலேயே எனக்கு எழுதினார். நானோ அப்போது லைனில், கை மடங்கிப்போய் நின்ற ஒரு ரோபோவுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். போன் லாக்கரில்.

மாலை பஸ்ஸில் ஏறிப் போனைத் திறந்தேன். எல்லாம் முடிந்திருந்தது. அக்கா வேலைக்குக் கிளம்புமுன் தளத்தில் முதன்முறையாக எழுதியிருந்தார். மெக்கானிக்கின் பெயரைக் குறிப்பிட்டு, அடுத்த தளத்துக்குப் போன நேரம், போன காரியம், யாரைப் பார்க்க, என்ன கொண்டுபோனீர்கள், என்ன விட்டுவந்தீர்கள் என்று கேட் பதிவேட்டில் இருப்பதுபோல் ஐந்து கேள்வி. அவரும் மிரண்டுபோய் ஐந்துக்கும் பதில் எழுதியிருந்தார். கடைசிக் கேள்விக்கு, "ஒரு கெட்ட வார்த்தை. திரும்ப எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தார். ஆசிரியைக்கு அக்கா குரல் பதிவு அனுப்பியிருந்தார்: "மேடம், எங்க ஆளு செஞ்சது தப்பு. அந்தப் பொண்ணு கதை சோக்கா கீது. நீங்க கதவ மூடாதீங்க. இனிமே செக் பண்ணிதான் அனுப்புவேன்." ஆசிரியை சிரிக்கிற முகங்களாகப் பதில் போட்டிருந்தார். அக்காவைத் தளத்தின் காவலராக்க வேண்டும் என்று மெக்கானிக்கே முன்மொழிந்திருந்தார். நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் இருபத்தொன்பது ஓட்டு விழுந்துவிட்டது.

அது பரவாயில்லை. அடுத்து நடந்ததுதான் என்னை வாட்டியது. அக்கா கதை எழுதினார். ஒரு வேற்றுக்கிரகவாசி கார் கம்பெனி வாசலில் வந்து நிற்கிறது. அதன் நான்கு கண்களும் கேமரா. கம்பெனிக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை. எல்லார் போனிலும் ஒட்டுவதுபோல் செக்யூரிட்டி அம்மா நான்கு கண்ணிலும் ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். அது உள்ளே போய் முட்டிக்கொண்டு விழுகிறது. பூமியைப் பிடிக்க வந்த படை, இந்த ஊருக்குள் நுழையவே முடியாது என்று திரும்பிப் போகிறது. மொத்தம் பதினான்கு வரி. எனக்குத் தெரியாத தளங்களிலெல்லாம் அதைப் பகிர்ந்தார்கள். மூன்று ஆண்டுகளாக நான் எழுதிய எதற்கும் அதில் பாதி வாசகர்கூட வரவில்லை. ஆனால் அன்று நான் சிரித்த சிரிப்பில் மொட்டைமாடிக் கொடியிலிருந்த துணியை எடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் பயந்துவிட்டார்.

போன வருடம் சேரப்பணஞ்சேரிப் பக்கம் குடிமாறினேன். புதுத் தொழிற்சாலை, புது ரோபோக்கள். தளத்தையும் எடுத்துப்போவதா என்று கேட்டு ஓட்டெடுப்பு வைத்தேன். எல்லோரும் அக்கா வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்கள். எனக்கு விழுந்த ஒரே ஓட்டு நான் போட்டது. அறைச் சாவி, கணினி, தளத்தின் கடவுச்சொல் எல்லாவற்றையும் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது மாதம், கனடாக்காரரின் பனிக்கதை ஒன்றைப் பற்றி, உறையவைத்தாலும் கெட்டுப்போகும் கதை என்று எழுதிவைத்தேன். எனக்கு நகைச்சுவையாகத் தோன்றியது. பத்து நிமிடத்தில் என் கணக்கு இரண்டு நாளுக்கு முடக்கப்பட்டது. நான் உண்டாக்கிய தளத்தில், எனக்கே.

மறுநாள் ஞாயிறு. நேரில் நியாயம் கேட்க மண்ணூருக்கு வண்டியை விட்டேன். அக்கா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"வா தம்பி. சாப்ட்டு போ."

"அக்கா, அது சும்மா வெளாட்டுக்கு எழுதினதுக்கா."

"கனடாக்காரரு அழுதுகினு எனக்கு எழுதினாரே."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். வஞ்சிரம் வறுத்து, குழம்பு ஊற்றி, போதும் போதும் என்னும்வரை பரிமாறினார். கை கழுவிவிட்டு வந்து இன்னொருமுறை கேட்டுப் பார்த்தேன்.

"நாளிக்கி சாய்ந்தரம் ஆறு மணிக்கு அதுவே தொறந்துக்கும்" என்றார் அக்கா. "மோர் இன்னும் கொஞ்சம் ஊத்தவா?"